சங்கிலிய விட்டுட்டீங்களே

அத்தியாயம் 6

முன்பெல்லாம் ஒருத்தனைப் பற்றிப் புரளி பேச வேண்டுமென்றால் டீக்கடை வரைக்கும் நடந்து போக வேண்டும். முகத்தைக் காட்ட வேண்டும். எதிரே இருப்பவன் திருப்பிக் கேட்டால் பதில் சொல்ல வேண்டும், பதில் இல்லையென்றால் அறை வாங்க வேண்டும். இப்போது அந்தச் சிரமமே கிடையாது. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, முகத்துக்குப் பதிலாகப் புலி படமோ பூ படமோ போட்டுக்கொண்டு, பார்க்காத கொலையைப் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி எழுதலாம். எழுதுகிறவன் எல்லாம் படித்தவன். நான் எட்டாவதோடு நின்றவன். படித்தால் புத்தி வரும் என்று என் காதைத் திருகிய வாத்தியார் உயிரோடு இருந்தால் கூட்டி வந்து இதைக் காட்டியிருப்பேன்.

2007ஆம் வருஷம், ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை காலை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், லிடியாவின் பிரவுசிங் சென்டரில் நான் உட்கார்ந்திருந்தேன். அது முன்பு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டாக இருந்த மாடி. மிஷின்களை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்தாளே தவிர, சுவரில் தொங்கும் 'சத்தம் போடாதீர்' போர்டைக் கழற்றவில்லை. லிடியாவுக்கு நாற்பத்திரண்டு வயது. போலீஸ் ஏட்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் எடுத்துக்கொள்ளும் விசாரணைகளில் கம்ப்யூட்டரைப் படிப்பது, ஸ்கூட்டி ஓட்டுவது, என்னைக் கிண்டல் செய்வது மூன்றும் அவள் பொறுப்பு. மூன்றாவதை மட்டும் கேட்காமலே செய்வாள்.

எங்கள் எதிரே உட்கார்ந்திருந்தவர் பெயர் சங்கிலி. அய்யலூர் ஆட்டுச்சந்தைத் தரகர். ஐம்பது வயது ஆள், ஒரே மாதத்தில் அறுபது ஆகியிருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தார். லேமினேஷன் செய்த அட்டை.

"ரத்தம் குடுத்துட்டேன் ஏட்டையா. இந்தா பாத்துக்கங்க. இனிமே எவன் பேசுவான்?"

லிடியா எடுத்துப் பார்த்தாள். 'பி பாசிட்டிவ்' என்று இருந்தது.

"அண்ணே, இது ரத்த வகை. ஆஸ்பத்திரியில ரத்தம் ஏத்துறதுக்குப் பாக்குறது. டி.என்.ஏ.ங்கிறது வேற."

"ரத்தம் ஒண்ணுதானத்தா? எனக்கு என்ன ரெண்டு ரத்தமா ஓடுது?"

"இத யாருக்கெல்லாம் காட்டுனீங்க?"

"நேத்துச் சந்தையில அம்புட்டு பேருக்கும் காட்டுனேன். சம்பந்தி வீட்டுக்கு ஒரு ஜெராக்ஸ் குடுத்துவிட்டேன்."

லிடியா கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினாள். 'மலைக்கோட்டை அரட்டை' என்று இன்டர்நெட்டில் ஒரு பேச்சு மேடை. திண்டுக்கல்காரர்கள் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் அதில் வந்து வம்பளக்கலாம். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பார்கள். லிடியா வாசித்துக் காட்டினாள்.

"'ரோசலின் கொலை கேஸ். சங்கிலிக்கு டெஸ்ட் எடுத்தாச்சு. பாசிட்டிவ். அவரே சந்தையில் கார்டு காட்டினார்.' அதுக்குக் கீழ நாப்பத்தியாறு பேரு எழுதியிருக்கான் ஏட்டையா. ஒருத்தன் துபாய்ல இருந்து தூக்குல போடச் சொல்றான்."

சங்கிலி அட்டையை எடுத்துப் பையில் வைக்கப் போனார். வைக்காமல், எழுத்து தெரியாதபடி மேஜையிலேயே கவிழ்த்து வைத்தார்.

"நேத்து காலையில இருந்து துண்டப் போட்டுக்கிட்டு நின்னேன் ஏட்டையா. ஒருத்தன் உள்ள கைய விடல."

அய்யலூர் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். தரகர் கை மேல் துண்டைப் போட்டுக்கொள்வார். வாங்குகிறவன் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்துப் பேரம் பேசுவான். சங்கிலியின் துண்டுக்குள் ஒருத்தன் கூடக் கையை விடவில்லை என்றால், அந்த மனிதனைத் தொட ஊருக்குப் பயம் என்று அர்த்தம்.

"எம் மக அறிவுச்செல்விக்கு நிச்சயம் பண்ணுன எடத்துல கெடு வச்சுட்டாங்க. அடுத்த வியாழக்கெழம சந்தைக்குள்ள பேரு சுத்தமாகணும். இல்லேன்னா தட்டத் திருப்பி அனுப்பிருவோம்ங்கிறாரு சம்பந்தி. புள்ள ஒரு வாரமா மொகத்தக் காட்டாம படுத்துருக்கு. ஒங்களுக்குத் தெரியாததா? அன்னைக்கு என்னைய ரெண்டு நாளு ஸ்டேஷன்ல வச்சிருந்துட்டு, நான் இல்லேன்னு தெரிஞ்சுதான விட்டீங்க?"

எனக்குத் தெரியும். 1998இல் சேவுகம்பட்டிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், மோட்டார் ரூமுக்குள் ரோசலின் செத்துக் கிடந்தாள். ஆரம்பப் பள்ளி டீச்சர். இருபத்தொன்பது வயது. கழுத்தை நெரித்திருந்தார்கள். பக்கத்துக் காட்டில் சங்கிலி ஆட்டுக்கிடை போட்டிருந்ததால் அவரைப் பிடித்து வந்தோம், விட்டோம். அதற்கப்புறம் எவனும் சிக்கவில்லை. புருஷன் அருள்நாதன் வத்தலக்குண்டில் தபால்காரர். தாலி கழுத்திலேயே இருந்ததால் திருட்டு இல்லை என்று முடிவானது. திருட்டு இல்லையென்றால் வேறு விவகாரம் என்று ஊர் அவளைப் பேசியது. ஒன்பது வருஷமாகப் பேசுகிறது.

அந்த மோட்டார் ரூமுக்குக் காவல் நின்றவன் நான். அவள் செருப்பு இரண்டும் வாசலில் ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தது. யாரோ கூப்பிட்டு, வீட்டுக்குள் போகிற மாதிரி மரியாதையாகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறாள். தொட்டியில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. இப்போதும் எங்காவது குழாய் சரியாக மூடாமல் சொட்டினால் நான் எழுந்து போய் மூடிவிட்டுத்தான் உட்காருவேன்.

"மொதல்ல ஆரம்பிச்சவன் யாரு? அதப் படி," என்றேன்.

"பேரு 'ஒரு ஜீவன்'. மூணு தடவ எழுதியிருக்கு. மூணும் சனிக்கெழம மத்தியானம். கேளுங்க." லிடியா வாசித்தாள்.

முதலாவது: 'ஐயா, ரோசலின் கேசுல சங்கிலிய விட்டுட்டீங்களே. ரத்தம் இருக்கு. டி.என்.ஏ. பாருங்க.'

இரண்டாவது: 'ஐயா, கழுத்துக்குப் பின்னாடி இருந்த காயம் சங்கிலி அறுத்தது.'

மூன்றாவது: 'ஐயா, சங்கிலி சுரூபம் எங்கிட்ட இருக்கு. வந்தா காட்டுறேன். கொடைக்கானல் பஸ் வந்துருச்சு.'

"ஆடு அறுக்குறவன் கழுத்த அறுத்தான்னு முடிவு பண்ணிட்டானுக," என்றாள் லிடியா. "சுயரூபம்னு அடிக்கத் தெரியல, சுரூபம்னு அடிச்சிருக்கு. அதுக்கும் ஒரு வாத்தியாரு வந்து திருத்தியிருக்காரு. கொலையப் பத்திக் கவல இல்ல, எழுத்துப்பிழைதான் அவருக்குத் தாங்கல."

கழுத்துக்குப் பின்னாடி காயம். முடிக்குக் கீழே, நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு. அதை நான் பார்த்திருக்கிறேன். பேப்பரில் வந்ததில்லை. எழுதியது யாராக இருந்தாலும் பிணத்தைப் பார்த்த ஆள்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். இங்கிலீஷ் எழுத்து எனக்குச் சரியாக வராது. ஆனால் குறி புரியும்.

"ஒவ்வொண்ணுக்கும் தலையில ஒரு கூட்டல் குறி கெடக்கே, அது என்னா?"

"+ தான். பாசிட்டிவ்னு அர்த்தமாம். ரிசல்ட்ட முன்கூட்டியே சொல்லியிருக்குன்னு ஒருத்தன் கண்டுபிடிச்சு எழுதியிருக்..."

லிடியா பாதியில் நிறுத்தினாள். அவள் பாதியில் நிறுத்துவது அபூர்வம்.

"ஏட்டையா. எங்கப்பா ரயில்வேயில இருந்தப்ப கடுதாசி போடுவாரு. நீங்க பிள்ளையார் சுழி போடுற எடத்துல அவரு என்ன போடுவாரு தெரியுமா?"

"என்னத்தப் போடுவாரு?"

"சிலுவை."

மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். வாய்க்குள்ளேயே மூன்றாவதை வாசித்தாள். பிறகு தன் கழுத்திலிருந்த சங்கிலியை வெளியே இழுத்து, அதில் தொங்கிய சின்ன மாதா பதக்கத்தை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இதுக்கு எங்க கோயில்ல என்ன பேரு தெரியுமா? சுரூபம். சங்கிலி, சுரூபம். ரெண்டும் எங்கிட்ட இருக்குன்னு எழுதியிருக்கு. நடுவுல கமா போடல, அம்புட்டுத்தான். இது ஆளு இல்ல ஏட்டையா. நகை."

சங்கிலி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நான் இல்லியா?" என்றார். தனக்கே அதுவரை சந்தேகம் இருந்த மாதிரி கேட்டார்.

"இருங்க," என்றேன். "மோட்டார் ரூமுல எடுத்த சாமான் பட்டியல்ல சங்கிலியே கெடையாது."

அது உண்மை. அந்தப் பட்டியலையும் எவனோ பழைய பேப்பரிலிருந்து எடுத்து அரட்டையில் போட்டிருந்தான். தாலிக்கயிறு ஒன்று, கண்ணாடி வளையல் நான்கு, கைக்கடிகாரம் ஒன்று, குடை ஒன்று, டிபன் கேரியர் ஒன்று, செருப்பு ஒரு ஜோடி. 'நகைச் சங்கிலி பட்டியலில் இல்லை, எனவே சங்கிலி என்பது ஆள்தான்' என்று ஒரு வக்கீல் புள்ளி கீழே விளக்கம் எழுதியிருந்தான்.

"பட்டியல் எழுதும்போது நீங்க கூட இருந்தீங்களா?" என்றாள் லிடியா.

"இருந்தேன்."

"அதுக்கு முன்னாடி யாராச்சும் உள்ள போயி..."

"என்னையத் தாண்டி ஒரு ஈ உள்ள போகல," என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. லிடியா சுவரில் இருந்த போர்டைக் காட்டினாள்.

* * *

கொடைக்கானல் பஸ் வருவது கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறது. அப்படியானால் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு; மலை ஏறும் பஸ் எல்லாம் அங்கே நின்றுதான் போகும், ரோசலின் புருஷன் வேலை பார்த்த ஊரும் அதுதான். அதற்கு எதிரில் பிரவுசிங் சென்டர் ஒன்றே ஒன்று. இதைக் கண்டுபிடிக்க நாற்பத்தியாறு பேரில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. டி.என்.ஏ.வைப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. ஸ்கூட்டியின் பின்னால் நான் உட்கார்ந்து போனதை வத்தலக்குண்டு ரோடே பார்த்தது.

"என்னையப் பிடிச்சுக்கங்க ஏட்டையா. விழுந்தீங்கன்னா அதுக்கும் சங்கிலிதான் காரணம்னு எழுதிருவானுக."

சென்டர்காரன் பெயர் ஸ்டான்லி. முப்பது வயசு இருக்கும். ரோசலின் பெயரைச் சொன்னதும் அவன் கை கீபோர்டை விட்டு எழுந்தது.

"நான்தான் அடிச்சேன் அக்கா. ஆனா நான் எழுதல. ஒரு அம்மா சொல்லச் சொல்ல அடிச்சேன். கவர்மெண்டுக்கு மனுன்னாங்க."

"கவர்மெண்டா? இது அரட்டையடிக்கிற எடம்டா."

"சொன்னேங்க்கா. கலெக்டர் ஆபீசுக்கு எழுதுங்கம்மான்னேன். 'இதுல எழுதுனா ஊருல உள்ள அம்புட்டு பேரும் பாப்பாங்கன்னா, கலெக்டரும்தான பாப்பாரு'ன்னாங்க. அதுக்கு நான் என்னத்தச் சொல்ல?"

"பதில் வந்துச்சே, வாசிச்சுக் காட்டுனியா?"

"காட்டாம? 'எல்லாரும் சங்கிலியத் தேடுறாங்கம்மா'ன்னேன். 'நல்லாத் தேடட்டும், எங்கிட்டதான இருக்கு'ன்னாங்க. ஆதாரத்தச் சொல்றாங்கன்னு நெனச்சேன்."

"ஏண்டா, ஸ்டான்லின்னு பேரு வச்சுக்கிட்டு சுரூபம்னா என்னன்னு தெரியாது?"

"நாங்க பெந்தெகொஸ்தே அக்கா. எங்ககிட்ட சுரூபமெல்லாம் கெடையாது."

லிடியா என்னைப் பார்த்தாள். "ஒரு மனுஷன் தூக்குல தொங்கப் போறதுக்கு எத்தன சபை வேண்டியிருக்கு பாருங்க," என்றாள்.

மத்தியானம் ஒரு மணிக்கு அந்த அம்மாள் வந்தாள். அறுபத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சேலை, வயர்கூடை. மலை மேல் ஒரு கன்னியர் மடத்தில் சமையல் வேலை. பெயர் லூர்தம்மாள். செத்துப்போன ரோசலினுக்கு நாத்தனார், அருள்நாதனின் மூத்த அக்கா. என் மீசையையும் பிரவுன் ஷூவையும் பார்த்ததுமே கையைக் கூப்பினாள்.

"கவர்மெண்டுல இருந்து வந்துருக்கீங்களா ஐயா? மூணு மனு போட்ட பெறகுதான் வழி தெரிஞ்சுச்சாக்கும்?"

லிடியா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"தம்பி வைகாசியில மாரடைப்புல போயிட்டான்," என்றாள் லூர்தம்மாள். "அவன் டிரங்குப் பொட்டியத் தொறந்தப்ப, கல்யாணக் கோட்டுப் பையில இது இருந்துச்சு. ரோசலின் சின்னதுல கோயில்ல மொத மொத அப்பம் வாங்கி புதுநன்மை எடுத்தப்ப அவ அம்மா போட்ட சங்கிலி. சாகுற வரைக்கும் கழட்டுனது இல்ல. எடுத்துப் பாத்தா ரத்தம் காஞ்சு கருப்பா ஒட்டியிருக்கு. கொக்கியில ஒரு முடி சிக்கியிருக்கு. அவளக் குளிப்பாட்டும்போது பின்கழுத்துல கோடு இருந்தத நான் பாத்தவ."

"போலீசுக்குப் போகலியாம்மா?" என்றாள் லிடியா.

"கூடப் பெறந்தவன் ஆத்தா. செத்தவன் கையில வெலங்கு மாட்டச் சொல்லவா? ஆனா மூடி வச்சுட்டும் சாக முடியல. ரோசலின ஊரு என்ன பேச்சுப் பேசுச்சு. டி.என்.ஏ. பாத்தா யாரு கை பட்டதுன்னு சொல்லிருவாங்கன்னு மடத்துல டிவியில பாத்தேன். அவன் கை இல்லேன்னு வரட்டும், நான் கல்லறைக்குப் போயி அவன்கிட்ட மன்னிப்புக் கேக்குறேன். அவன் கைதான்னு வந்தா, அதையும் தெரிஞ்சுக்கிறேன்."

வயர்கூடையிலிருந்து ஒரு ஜெபமாலைப் பெட்டியை எடுத்துத் திறந்தாள். உள்ளே பஞ்சின் மேல் சுரூபத்தோடு சங்கிலி கிடந்தது. கண்ணைக் கூசியது. கடையிலிருந்து இப்போதுதான் எடுத்து வந்த மாதிரி பளபளத்தது. லேசாக ஒரு வாசனை. பூந்திக்கொட்டை.

"ரத்தம் எங்கம்மா?" என்றேன்.

"கவர்மெண்டு கையில குடுக்கப் போற பொருளு, அழுக்கா குடுக்கலாமா ஐயா?" அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. "போன ஞாயித்துக்கெழம பூந்திக்கொட்டைத் தண்ணியில ஊறப் போட்டு, பழைய பல்லு பிரஷால நல்லாத் தேச்சுட்டேன். அம்புட்டும் போயிருச்சு. முடியையும் எடுத்து அடுப்புல போட்டுட்டேன்."

ஸ்டான்லி தலையில் கையை வைத்துக்கொண்டான். இனி உலகத்தில் எந்த டெஸ்ட்டும் அந்தச் சங்கிலியிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது. அந்த அம்மாளிடம் அதைச் சொல்ல எங்கள் யாருக்கும் தைரியம் வரவில்லை.

அவளே பேசினாள். குரல் இறங்கியிருந்தது.

"ஒரு ஒதவி செய்யணும் ஐயா. டெஸ்ட்டு எப்ப வருமோ. அதுக்கு முன்னாடி ஒரு ஆளக் கண்டுபிடிச்சுக் குடுங்க. தம்பி ஒரு தடவ எங்கிட்டச் சொன்னான். அன்னைக்கு மோட்டார் ரூமுல காவல் நின்ன போலீசு நல்லவராம். 'செத்த நேரம் தனியா விடுங்கய்யா'ன்னு இவன் அழுததும், கதவச் சாத்திட்டுத் திரும்பி நின்னுக்கிட்டாராம். பேரு கேட்டுக்கல. அந்த மனுஷன் ஒரு வார்த்த சொன்னாப் போதும். தம்பி உள்ள போறதுக்கு முன்னாடி அவ கழுத்துல சங்கிலி இருந்துச்சுன்னா, அவன் ஞாபகத்துக்குத்தான் கழட்டிக்கிட்டு வந்துருக்கான். இல்லேன்னா..."

பெட்டியைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டில் எவனோ 'கொடைக்கானல், கொடைக்கானல்' என்று கத்தினான். சென்டரின் மூலையில் கை கழுவும் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நான் எழுந்து போய் அதை மூடினேன். திரும்பி வந்தபோது மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லிடியா கண்டுபிடித்துவிட்டாள் என்று அவள் கண்ணிலேயே தெரிந்தது.

"நான்தான்," என்றேன்.

லூர்தம்மாள் எழுந்துவிட்டாள்.

"இன்ஸ்பெக்டர் போட்டோக்காரரக் கூட்டிட்டு வரப் போயிருந்தாரு. பட்டியல் எழுதல. ஒங்க தம்பி சைக்கிள்ல வந்தாரு. அழுதாரு. விட்டேன். ஒரு பீடி குடிக்கிற நேரம். விட்டது தப்பு, சொன்னா வேலை போயிரும்னு வெளிய சொல்லல."

"கழுத்தப் பாத்தீங்களா ஐயா? அவன் உள்ள போறதுக்கு முன்னாடி?"

ஒன்பது வருஷமாக அந்த ரூமை மனசுக்குள் திறந்து திறந்து பார்த்தவன் நான். செருப்பு தெரியும். குடை தெரியும். தொட்டியின் பாசி தெரியும். அவள் முந்தானை கழுத்து வரைக்கும் ஏறிக் கிடந்தது. இளம் பெண் பிணம். நான் உற்றுப் பார்க்கவில்லை.

"பாக்கல," என்றேன். "அவரு வெளிய போன பெறகுதான் பாத்தேன். முந்தானை வெலகியிருந்துச்சு. காயம் இருந்துச்சு. சங்கிலி இல்ல."

"முன்னாடி?"

"தெரியாதும்மா."

அவள் மெதுவாக உட்கார்ந்தாள். பெட்டியை மூடினாள். "மூணு மாசமா அந்த ஒரு போலீசு மட்டும் கெடச்சாப் போதும்னு மாதாகிட்டக் கேட்டுக்கிட்டு இருந்தேன்," என்றாள். "கெடச்சாச்சு."

பஸ் கிளம்பிப் போனது. அவள் ஏறவில்லை.

"ஏலே ஸ்டான்லி, அடி," என்றேன். "மேல சிலுவை வேண்டாம். புலி படமும் வேண்டாம். எம்பேரப் போடு."

நான் சொல்லச் சொல்ல அவன் அடித்தான். சங்கிலி என்பது ஆள் இல்லை, நகை; புருஷன் செத்த பிறகு அவன் பெட்டியில் கிடைத்தது. பட்டியலில் அது இல்லாமல் போனதற்குக் காரணம் நான். எழுதுவதற்கு முன்பே புருஷனை உள்ளே விட்டேன். அய்யலூர் தரகர் சங்கிலிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இப்படிக்கு, முத்துச்சாமி, ஓய்வு பெற்ற ஏட்டு.

"யோசிச்சுக்கங்க ஏட்டையா," என்றாள் லிடியா. "இது போனா திரும்பி வராது."

"போகட்டும். சங்கிலி மக எந்திரிச்சு மொகத்தக் கழுவட்டும்."

* * *

வியாழக்கிழமை அய்யலூர் சந்தை. ஆட்டுச் சத்தத்தில் மனுஷன் பேசுவது கேட்காது. நடுவில் சங்கிலி, தோளில் துண்டோடு, ஒரு கெடாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் எழுதியதை லிடியா இருபது பிரதி எடுத்துச் சந்தை வாசல் டீக்கடைகளில் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். கூட இன்னொருத்தியும் வந்திருந்தாள், நாங்கள் கூப்பிடாமலே. லூர்தம்மாள்.

அவள் நேராகச் சங்கிலியின் முன்னால் போய் நின்றாள். கழுத்தில் அந்தச் சங்கிலியைப் போட்டிருந்தாள்.

"நீங்கதான் சங்கிலியா? நான் எழுதுனதாலதான் ஒங்களுக்கு இம்புட்டும்," என்று சொல்லிவிட்டு, அவர் துண்டை எடுத்து அவர் கை மேல் அவளே போட்டு, உள்ளே தன் கையை விட்டாள்.

பொம்பளை துண்டுக்குள் கை விட்டு அந்தச் சந்தை பார்த்ததில்லை. துண்டு லேசாக ஆடியது. பேரம் தெரியாத அந்த அம்மாள் அவர் விரலை எல்லாம் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்று நினைக்கிறேன். சங்கிலி அழுதார்.

கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். சம்பந்தி. அவர் கையில் லிடியாவின் பிரதி ஒன்று இருந்தது. அந்த அம்மாள் கையை எடுத்ததும் அவர் தன் கையைத் துண்டுக்குள் விட்டார். "கெடாவுக்கு இல்ல சம்பந்தி," என்றார் சங்கிலியைப் பார்த்து. "நாள் குறிக்க."

நான் வந்த வேலை முடிந்தது. கிளம்பினேன்.

"ஏட்டையா," லிடியா பின்னாலேயே ஓடி வந்தாள். "காலையில பாத்தேன். சங்கிலிய விட்டுட்டானுக. இப்ப ஒங்களப் பிடிச்சிருக்கானுக. 'ஏட்டு எதுக்குக் கதவைச் சாத்தினான்?' எழுபது பேரு. ஏட்டுக்கு டி.என்.ஏ. பாக்கணுமாம். அந்த வக்கீலு புள்ளி, நீங்களும் புருஷனும் கூட்டுன்னு விளக்கம் எழுதியிருக்கான்."

"எழுதட்டும். எனக்கு என்ன பாசிட்டிவ்னு நாளைக்கு ஒரு அட்ட போட்டு வச்சுக்கிறேன்."

அவள் சிரிக்கவில்லை.

டீக்கடை வாசலில் ஒரு ஆள் என்னை நிறுத்தினான். அதே வாய், போன வாரம் சங்கிலியைப் பேசிய வாயாகத்தான் இருக்கும்.

"பெரியப்பு, அப்ப புருசன்தான கொன்னது? சங்கிலி அவன் பொட்டியிலதான இருந்துச்சாம்?"

"தெரியாது."

"போலீசு நீங்களே தெரியாதுன்னா எப்புடி? அம்புட்டும் பொருந்துதே."

பொருந்தவில்லை. கழுத்தை அறுக்கிற அளவுக்கு இழுத்தால் அவ்வளவு மெல்லிய சங்கிலி அறுந்திருக்க வேண்டும். அது முழுசாக இருந்தது. அறுந்ததை நகைப் பத்தர் நெருப்பில் வைத்து ஒட்டியிருந்தால் கொக்கியில் முடி நின்றிருக்காது. யாரோ கொக்கியை நிதானமாகக் கழற்றியிருக்கிறார்கள். அழுதுகொண்டே ஒரு புருஷன் கழற்றினானா, அவசரமில்லாமல் ஒரு கொலைகாரன் கழற்றினானா, இரண்டு பேரும் ஒரே ஆளா? பின்கழுத்தில் அந்தக் கோட்டைப் போட்டது அந்தச் சங்கிலியா, வேறு ஏதாவதா? அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற அளவுக்கு மரியாதையான ஆள் யார்? இதை எழுபது பேரில் ஒருத்தனும் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லக்கூடிய ஒரே பொருளைப் பூந்திக்கொட்டை போட்டுக் கழுவியாகிவிட்டது. சொல்லக்கூடிய ஒரே ஆள் திரும்பி நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுங்க பெரியப்பு, புருசன்தான?"

"நீ பாத்தியா?"

"இல்ல..."

"நானும் பாக்கல," என்று சொல்லிவிட்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன். அவன் பின்னால் நின்று யாரிடமோ சொல்வது கேட்டது: "கெழவன் மழுப்புறான் பாத்தியா?"

நான் திரும்பவில்லை.